கிளாரா ஷூமன்: பியானோ மேடையில் 62 ஆண்டுகள்

கிளாரா ஷூமன் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த பியானோ கலைஞர்களுள் ஒருவர். 1828இல், ஒன்பது வயதில், லைப்சிக் நகரில் முதன்முதலாக மேடையேறினார். 1891இல், 71 வயதில், ஃபிராங்க்ஃபர்ட்டில் கடைசிக் கச்சேரி வாசித்தார். இடைப்பட்ட 62 ஆண்டுகளில் ஜெர்மன் நாடுகள், ஆஸ்திரியா, பிரான்ஸ், ரஷ்யா, இங்கிலாந்து, டென்மார்க், ஹாலந்து எனச் சுற்றி வாசித்தார். இசையமைத்தார், எட்டுக் குழந்தைகளைப் பெற்றார், கணவர் ராபர்ட் ஷூமனின் படைப்புகளை உலகுக்குக் கொண்டு சேர்த்தார், ஒரு தலைமுறைப் பியானோ கலைஞர்களைப் பயிற்றுவித்தார். பியானோ கச்சேரி என்பது கைவித்தை காட்டும் கேளிக்கையாக இருந்த காலத்தில் தொடங்கிய அவர், அது இசைப் படைப்பைக் கருத்தூன்றிக் கேட்கும் நிகழ்வாக மாறிய காலத்தில் ஓய்வு பெற்றார். அந்த மாற்றத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

வீக்கின் வீடு

கிளாரா 1819 செப்டம்பர் 13 அன்று சாக்சனி நாட்டின் லைப்சிக் நகரில் பிறந்தார். அச்சகங்களுக்கும் புத்தகச் சந்தைக்கும் பெயர்போன வணிக நகரம் அது. தந்தை ஃபிரீட்ரிக் வீக் பியானோ ஆசிரியர். வியன்னாவிலிருந்து பியானோக்களைத் தருவித்து விற்பது, வாடகைக்கு விடுவது, இசைநூல்களை இரவல் கொடுப்பது ஆகியவையும் அவருடைய தொழில்கள். தாய் மரியானே டிரொம்லிட்ஸ் பாடகி, பியானோவும் வாசிப்பவர். லைப்சிக்கின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் பாடியவர்.

பெற்றோரின் மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1824இல் மரியானே கணவரைப் பிரிந்தார். அன்றைய சாக்சனிச் சட்டப்படி குழந்தைகள் மீது தந்தைக்கே உரிமை. ஐந்து வயது நிரம்பியதும் கிளாரா தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டார். குழந்தை நான்கு வயது கடந்தும் சரியாகப் பேசவில்லை. காது கேட்கவில்லையோ என்று வீட்டார் ஐயுற்றனர். ஆனால் பியானோவில் கேட்டதை அப்படியே திருப்பி வாசித்தது. பேச்சு வருவதற்கு முன்பே இசை கைக்கு வந்துவிட்டது.

தன் பயிற்றுமுறைக்கு மகளையே சான்றாக உலகுக்குக் காட்ட வீக் முடிவு செய்தார். நாள்தோறும் ஒரு மணி நேரம் பாடம், இரண்டு மணி நேரம் சாதகம், அதன்பின் திறந்த வெளியில் நீண்ட நடை என்று வகுத்தார். அக்காலத்தில் பிள்ளைகளை ஆறு, எட்டு மணி நேரம் பியானோ முன் உட்கார வைத்த ஆசிரியர்கள் பலர். விரல் சோர்ந்தால் காதும் சோர்ந்துவிடும் என்பது வீக்கின் கருத்து. கட்டையை ஓங்கித் தட்டாமல், பாடுவது போன்ற நாதத்தை விரலால் எழுப்ப வேண்டும் என்பதே அவர் பாடத்தின் சாரம். தொடக்கத்தில் இசைக்குறிப்பைக் காட்டாமல் காதால் கேட்டே வாசிக்க வைத்தார். பிறகு இசை இலக்கணம், பாட்டு, வயலின் எல்லாவற்றுக்கும் நல்ல ஆசிரியர்களை அமர்த்தினார். பள்ளிப் படிப்புக்கு மட்டும் மிகக் குறைந்த நேரமே கிடைத்தது.

மகளின் பெயரில் ஒரு நாட்குறிப்பையும் வீக் தொடங்கினார். பல ஆண்டுகள் அதில் அவரே, மகள் எழுதுவது போலத் தன்மையில் எழுதிவந்தார். ஏதேனும் சரியாக வாசிக்காவிட்டால் அந்தக் கண்டிப்பும் மகளின் சொல்லாகவே அதில் பதிவாகும். கிளாராவின் உழைப்பொழுங்கு, வரவு செலவில் கறார், நாளாந்தப் பதிவு எழுதும் பழக்கம் அனைத்தும் இந்த வீட்டில் வேரூன்றியவை. தந்தை மீதான அச்சமும் அங்கேயே வேரூன்றியது.

கச்சேரி என்னும் தொழில்

1828 அக்டோபர் 20 அன்று கெவாண்ட்ஹவுஸில் மற்றொரு கலைஞரின் கச்சேரியில் இருவர் சேர்ந்து வாசிக்கும் உருப்படி ஒன்றில் கிளாரா மேடையேறினார். 1830 நவம்பர் 8 அன்று அதே அரங்கில் தன் பெயரிலேயே முழுக் கச்சேரி கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 11.

அன்றைய கச்சேரித் தொழிலில் ஏற்பாட்டு நிறுவனங்கள் பரவலாக இல்லை. கலைஞரோ அவர் குடும்பத்தாரோதான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். புதிய ஊருக்குப் போனதும் முதல் வேலை, கையில் உள்ள அறிமுகக் கடிதங்களுடன் அவ்வூர்ப் பெரிய மனிதர்களைப் பார்ப்பது. அவர்கள் வீட்டு விருந்தில் இலவசமாக வாசித்துக் காட்ட வேண்டும். அது பிடித்துப்போனால் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு விற்கும். பின் அரங்கத்தை வாடகைக்குப் பேசுவது, நாளிதழில் விளம்பரம் கொடுப்பது, சீட்டு அச்சடிப்பது, விளக்குக்கும் கணப்புக்கும் பணம் கட்டுவது என்று வேலைகள் நீளும். நல்ல பியானோ கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த பியானோவின் சுருதி இறங்கியிருக்கும், கட்டை சிக்கும். வீக் கருவிகளோடு உள்ளே இறங்கிச் சரிசெய்து, சுருதி சேர்த்துவிட்டு, மாலையில் வாயிலில் நின்று வசூலைக் கவனிப்பார்.

கச்சேரியின் உள்ளமைப்பும் இன்றுபோல் இல்லை. ஒருவரே முழு மாலையும் வாசிப்பது அரிது. ஆர்க்கெஸ்ட்ரா ஒரு முன்னுரை இசை வாசிக்கும், ஒரு பாடகர் ஓபராப் பாட்டுப் பாடுவார், நடுவே பியானோ கலைஞர் இரண்டு மூன்று முறை வருவார். அவர் வாசிப்பவை பெரும்பாலும் பிரபல ஓபரா மெட்டுகளின் மீது கட்டப்பட்ட, விரல் வேகத்தைக் காட்டும் உருப்படிகள். ஹென்றி ஹெர்ட்ஸ், கால்க்பிரென்னர் போன்றோர் எழுதிய இவற்றையே சிறுமி கிளாராவும் வாசித்தார். சொந்தப் படைப்பு ஒன்றையேனும் வாசித்துக் காட்டுவது கலைஞருக்கு மரபாக இருந்தது. ஆகவே இசையமைப்பதையும் இளம் வயதிலேயே கற்றார். முதல் நூலான நான்கு பொலொனேஸ்கள் 1831இல் அச்சாயின.

1831 இலையுதிர் காலத்தில் தந்தையும் மகளும் பாரிஸுக்குப் புறப்பட்டனர். வழியில் வைமார் நகரில் முதுபெருங் கவிஞர் கதேயின் முன் கிளாரா வாசித்தார். கதே தம் உருவம் பொறித்த பதக்கத்தைப் பரிசாகக் கொடுத்தார். பாரிஸில் அவ்வளவு வெற்றி இல்லை. 1832 வசந்தத்தில் அங்கே காலரா பரவியதால் வசதியுள்ளோர் நகரை விட்டு வெளியேறினர், கச்சேரிகள் சுருங்கின. எனினும் இந்தப் பயணம் அவரை ஐரோப்பா அறியும் கலைஞராக்கியது.

13 வயதில் எழுதத் தொடங்கிய பியானோ கான்செர்ட்டோ 1835 நவம்பர் 9 அன்று கெவாண்ட்ஹவுஸில் அரங்கேறியது. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் இசையமைப்பாளர் ஃபீலிக்ஸ் மெண்டல்சன். இதன் இரண்டாம் பகுதியில் ஆர்க்கெஸ்ட்ரா ஏறக்குறைய முற்றிலும் ஒதுங்கிக்கொள்ள, பியானோவும் ஒரே ஒரு செல்லோவும் மட்டும் உரையாடுகின்றன. பதின்ம வயதுப் படைப்பாளி ஒருவரிடம் இந்தத் துணிவு அபூர்வம்.

வியன்னாவில் கிடைத்த பட்டம்

1837 டிசம்பரில் தொடங்கி 1838 வசந்தம் வரை நீண்ட வியன்னாப் பயணம் கிளாராவின் புகழை உச்சிக்குக் கொண்டுபோனது. கச்சேரிக்குச் சீட்டுக் கிடைக்காமல் கூட்டம் நெருக்கியது. அவர் பெயரில் உணவகங்களில் கேக் விற்றார்கள். 1838 மார்ச்சில் ஆஸ்திரியப் பேரரசர் அவருக்கு அரசவைக் கலைஞர் பட்டம் அளித்தார். வயது 18, பெண், வெளிநாட்டவர், கத்தோலிக்க நாட்டில் சீர்திருத்த சமயத்தவர். இவை எல்லாம் பட்டத்துக்குத் தடையாகக் கருதப்பட்ட காலத்தில் அது பெரும் விதிவிலக்கு.

வியன்னாவில் அவர் பீத்தோவனின் எஃப் மைனர் சொனாட்டாவை, ‘அப்பாசியோனாட்டா’ என்று அறியப்படுவதை, வாசித்தார். பீத்தோவன் இறந்து பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அவருடைய சொனாட்டாக்கள் வீட்டு அறைகளில் வாசிக்கப்பட்டனவே தவிரப் பொதுமேடைக்கு அரிதாகவே வந்தன. அந்த வாசிப்பைக் கேட்ட நாடகாசிரியர் ஃபிரான்ஸ் கிரில்பார்ட்ஸர் கிளாராவையும் பீத்தோவனையும் இணைத்து ஒரு கவிதை எழுதி வெளியிட்டார்.

இசைக்குறிப்பைப் பார்க்காமல் வாசிப்பதும் அக்காலத்தில் புதுமை. பிறர் எழுதிய படைப்பை மனனமாக வாசிப்பது அந்தப் படைப்பாளியை அவமதிப்பது என்று கருதியவர்கள் இருந்தனர். 1837இல் பெர்லினில் கிளாரா அப்படி வாசித்ததை எழுத்தாளர் பெட்டினா ஃபோன் ஆர்னிம் அகந்தை என்று பழித்தார். கிளாராவும் பியானோ கலைஞர் லிஸ்ட்டும் தொடர்ந்து அவ்வாறே வாசித்ததால் அடுத்த இரண்டு தலைமுறைகளுக்குள் மனன வாசிப்பே மேடையின் விதியாகிவிட்டது.

வழக்கும் திருமணமும்

1830இல் ராபர்ட் ஷூமன் என்ற 20 வயது இளைஞர் சட்டப் படிப்பைக் கைவிட்டு வீக்கிடம் பியானோ கற்க வந்து, அவர் வீட்டிலேயே தங்கினார். சில ஆண்டுகளில் வலது கை விரல் செயலிழந்ததால் மேடைக் கனவு கலைந்தது. இசையமைப்பதிலும் இசை இதழ் நடத்துவதிலும் முழுமையாக ஈடுபட்டார். அவருடைய பியானோ படைப்புகளுக்கு மேடையில் குரல் கொடுக்கும் கைகள் கிளாராவுடையவை ஆயின. பழக்கம் காதலாக வளர்ந்தது.

1837இல், கிளாராவின் 18ஆம் பிறந்தநாளன்று, ராபர்ட் முறைப்படி பெண் கேட்டார். வீக் மறுத்தார். நிலையான வருமானம் இல்லாதவர், குடிப்பவர் என்பன அவர் சொன்ன காரணங்கள். பத்தாண்டு உழைப்பில் உருவாக்கிய கலைஞரையும் அதனால் வந்த வருவாயையும் இழக்க நேரும் என்ற கவலையும் அதில் கலந்திருந்தது. கடிதங்களைத் தடுத்தார், நீண்ட பயணங்களுக்கு அழைத்துப் போனார். 1839இல் கிளாரா தந்தையின் துணையின்றி பாரிஸ் சென்று, தானே கச்சேரிகளை ஏற்பாடு செய்து வாசித்தார். பின்னாளில் தனித்து நின்று குடும்பத்தைக் காப்பதற்கான பயிற்சியாக அது அமைந்தது.

தந்தையின் சம்மதம் இல்லாமல் மணம் முடிக்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். 1839இல் இருவரும் வழக்குத் தொடுத்தனர். பெர்லினில் வசித்த தாய் மரியானே தம் சம்மதத்தை எழுத்தில் கொடுத்து, மகளைத் தம் வீட்டில் தங்கவைத்தார். வீக் சுமத்திய குற்றச்சாட்டுகளை அவரால் நிரூபிக்க முடியவில்லை. 1840 ஆகஸ்டில் தீர்ப்பு சாதகமாக வந்தது. செப்டம்பர் 12 அன்று லைப்சிக்கை அடுத்த ஷோனஃபெல்ட் கிராமத் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. மறுநாள் கிளாராவுக்கு 21 வயது நிறைந்தது. வியன்னாவின் பியானோ தயாரிப்பாளர் கான்ராட் கிராஃப் தம் பட்டறையில் செய்த பியானோவை மணப்பரிசாக அளித்தார். தந்தையும் மகளும் சமாதானமாக மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின.

ஒரே வீட்டில் இரு கலைஞர்கள்

மணமான முதல் ஆண்டுகளில் கணவனும் மனைவியும் ஒரே நாட்குறிப்பை மாறி மாறி எழுதினர். பாக்கின் ஃபியூக்குகளையும் பீத்தோவனையும் சேர்ந்து படித்தனர். கவிஞர் ருய்க்கெர்ட்டின் கவிதைகளுக்கு இருவரும் அமைத்த பாடல்கள் ஒரே தொகுப்பாக 1841இல் வெளிவந்தன. அதே நாட்குறிப்பில் கிளாராவின் மனக்குறையும் பதிவாகியிருக்கிறது. வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. ராபர்ட் எழுத உட்கார்ந்தால் பியானோவைத் தொட முடியாது. அவர் வெளியே போகும் மாலை வேளைகளில்தான் சாதகம். விரல்கள் பின்வாங்குகின்றன என்று கிளாரா வருந்தினார்.

இசையமைப்பதிலும் இதே இழுபறி. படைப்பின் மகிழ்ச்சியை அறிந்தவர், ஆனால் பெண்ணொருத்தி இசையமைக்க ஆசைப்படலாகாது, இதுவரை எவரும் அதில் வெல்லவில்லை என்று 20 வயதில் நாட்குறிப்பில் எழுதினார். காலத்தின் தீர்ப்பைத் தன் தீர்ப்பாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். அதையும் மீறி 1846இல் அவர் எழுதிய ஜி மைனர் பியானோ டிரியோ அந்நூற்றாண்டின் சிறந்த அறைஇசைப் படைப்புகளுள் வைத்து எண்ணத்தக்கது.

1841 முதல் 1854 வரை எட்டுக் குழந்தைகள் பிறந்தன. ஒன்று கைக்குழந்தையாகவே இறந்தது. இதற்கிடையிலும் நூற்றுக்கு மேற்பட்ட கச்சேரிகள் வாசித்தார், அவை குடும்பத்துக்குத் தேவைப்பட்டன. 1842இல் கச்சேரிப் பயணத்தின் பாதியில் கணவர் ஊர் திரும்ப, கோபன்ஹேகனுக்குத் தனியே சென்று வாசித்தார். 1844இல் இருவரும் ரஷ்யா சென்றனர். பனிவண்டியில் உறைபனிக்கிடையே பயணம், புனித பீட்டர்ஸ்பர்கில் ஜார் குடும்பத்தின் முன் வாசிப்பு, மாஸ்கோவில் கச்சேரிகள் என்று நான்கு மாதங்கள் கழிந்தன. வருமானம் நன்றாக வந்தது. ஆனால் ‘கிளாராவின் கணவர்’ என்று மட்டுமே அறியப்பட்டது ராபர்ட்டை வருத்தியது. வழியிலும் அவர் நோயுற்றார். திரும்பியபின் மனச்சோர்வு முற்றியது. ஆண்டு முடிவில் குடும்பம் டிரெஸ்டனுக்குக் குடிபெயர்ந்தது.

1849 மே மாதம் டிரெஸ்டனில் அரசுக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிப் படைக்கு வீடுவீடாக ஆண்களைத் திரட்டினர். ராபர்ட்டையும் மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக் கதவு வழியே தப்பிய கிளாரா, இரண்டு நாள் கழித்து விடியுமுன் திரும்பி நடந்தார். அப்போது அவர் ஏழு மாதக் கர்ப்பிணி. ஆயுதம் ஏந்திய கூட்டத்தைத் தாண்டி, துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே நகருக்குள் புகுந்து, வேலைக்காரியிடம் விட்டுவந்த மற்றக் குழந்தைகளை எழுப்பி, உடைகளைக் கட்டியெடுத்து, வயல்வழியே அழைத்து வந்தார். அவருடைய மனவுறுதியை இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டும்.

1850இல் ராபர்ட் டூசல்டார்ஃப் நகர ஆர்க்கெஸ்ட்ராவின் இயக்குநரானார். பின் அங்கே வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் கிளாராவுக்கு முதன்முறையாகத் தனி இசையறை கிடைத்தது. ராபர்ட்டின் மெட்டு ஒன்றின் மீதான மாறுபாடுகள், வயலினுக்கும் பியானோவுக்குமான மூன்று ரொமான்ஸ்கள், பாடல்கள் எல்லாம் 1853ஆம் ஆண்டின் ஒரே கோடையில் பிறந்தன. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் 20 வயது இசையமைப்பாளர் யோஹன்னஸ் பிராம்ஸ் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

கைம்பெண்ணும் கலைஞரும்

1854 பிப்ரவரி 27 அன்று மனநோய் முற்றிய ராபர்ட் ரைன் ஆற்றில் குதித்தார். படகுக்காரர்கள் காப்பாற்றினர். சில நாளில் பான் நகரை அடுத்த என்டெனிக் மனநல இல்லத்தில் சேர்க்கப்பட்டார். கிளாராவின் எட்டாவது குழந்தை அதன்பின் பிறந்தது. மருத்துவர்களின் கட்டளையால் இரண்டரை ஆண்டுகள் அவர் கணவரைப் பார்க்கவில்லை. 1856 ஜூலையில், ராபர்ட் இறப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் சந்தித்தார். 29ஆம் தேதி ராபர்ட் காலமானார். 36 வயதில் கிளாரா ஏழு குழந்தைகளுடன் நின்றார்.

நண்பர்கள் நிதிக் கச்சேரி நடத்தித் தர முன்வந்தபோது மறுத்துவிட்டார். தன் கச்சேரியைத் தானே வாசிப்பதாகச் சொன்னார். பிராம்ஸ் டூசல்டார்ஃபிலேயே தங்கி வீட்டுக் கணக்கையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டார். அவருக்கும் கிளாராவுக்கும் இடையே மலர்ந்த ஆழ்ந்த அன்பு 40 ஆண்டுகள் நீடித்தது. அவர் எழுதிய புதிய படைப்புகள் அச்சுக்குப் போகுமுன் கிளாராவின் பார்வைக்கு வருவது வழக்கமாயிற்று.

ராபர்ட் நோயில் வீழ்ந்ததோடு கிளாராவின் இசையமைப்பும் ஏறக்குறைய நின்றுவிட்டது. இனி மேடையே தொழில், அதுவே ஆறுதல். ஆண்டில் குளிர்காலம் முழுவதும் பயணம், கோடையில் குழந்தைகளுடன் வாசம் என்று வாழ்வை வகுத்துக்கொண்டார். பிள்ளைகள் உறவினர் வீடுகளிலும் விடுதிப் பள்ளிகளிலும் வளர்ந்தனர். அவர்களுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினார். 1857இல் பெர்லினுக்கும், 1863இல் பாடன்-பாடனுக்கும் குடிபெயர்ந்தார். 1856இல் முதன்முதல் இங்கிலாந்து சென்று, பின் 1888 வரை பலமுறை சென்றார். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் குறைந்த கட்டணத்தில் நடந்த திங்கள் கச்சேரிகளில் அவருக்கென்று உறுதியான ரசிகர் கூட்டம் இருந்தது.

உடல் அவருக்கு எப்போதும் ஒத்துழைக்கவில்லை. கைவலி பலமுறை தாக்கி, 1870களின் நடுவில் ஓராண்டுக்கு மேல் வாசிக்க முடியாமல் போனது. துயரங்களும் தொடர்ந்தன. மகன் லுட்விக் மனநோய் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். மகள் யூலி 1872இலும் இளைய மகன் ஃபீலிக்ஸ் 1879இலும் இறந்தனர். போர்க்கள நோவுக்கு மருந்தாகத் தொடங்கிய மார்ஃபின் மற்றொரு மகன் ஃபெர்டினாண்டை அடிமைப்படுத்தியது. அவருடைய பிள்ளைகளின் செலவும் பாட்டியின் தலையில் விழுந்தது. ஒப்புக்கொண்ட கச்சேரியைக் கிளாரா எளிதில் கைவிடுவதில்லை. துயரச் செய்தி வந்த நாளிலும் வாசித்ததுண்டு.

உருப்படிகள் மாறிய வரலாறு

கிளாரா தன் கச்சேரிகளின் அச்சிட்ட நிகழ்ச்சிநிரல்களைச் சேர்த்து வைத்தார். ஏறத்தாழ 1,300 நிரல்கள் ராபர்ட் ஷூமன் பிறந்த ஊரான ட்ஸ்விக்காவ் நகரின் நினைவில்லத்தில் உள்ளன. ஒரு கலைஞரின் முழு வாழ்நாள் மேடைப் பணிக்கு இவ்வளவு தொடர்ச்சியான சான்று அரிது. அவற்றை வரிசையாகப் பார்த்தால் கச்சேரி என்னும் வழக்கமே மாறிய விதம் புலப்படும்.

1830களின் நிரல்களில் ஹெர்ட்ஸ், பிக்ஸிஸ், ஹென்செல்ட் பெயர்களும் கிளாராவின் சொந்த உருப்படிகளும் நிறைந்திருக்கின்றன. அவற்றுக்கிடையே ஷோப்பான், மெண்டல்சன், பாக் ஆகியோர் மெல்ல நுழைகின்றனர். 1840களில் ஓபரா மெட்டு மாறுபாடுகள் உதிர்ந்துபோகின்றன. 1850களுக்குப் பின் பீத்தோவன் சொனாட்டா, பாக்கின் ஃபியூக், ஷூமன், ஷோப்பான், மெண்டல்சன், பிராம்ஸ் என்ற வரிசை நிலைபெறுகிறது. துணைக் கலைஞர்களும் குறைகின்றனர். வயலின் கலைஞர் யோசஃப் யோஆகிமும் பாடகர் யூலியுஸ் ஷ்டோக்ஹவுசனும் உடன் வந்தபோதும் பொழுதுபோக்குக்காக வரவில்லை. சமமான கூட்டாளிகளாகப் பெரிய படைப்புகளை வாசிக்கவும் பாடவுமே வந்தனர்.

ராபர்ட் ஷூமனின் படைப்புகள் பல கிளாராவின் கைவழியே மக்களை அடைந்தன. அவருக்கே உரிமையாக்கப்பட்ட பியானோ குவின்டெட் 1843 ஜனவரியிலும், ஏ மைனர் கான்செர்ட்டோ 1845 டிசம்பரில் டிரெஸ்டனிலும் அவர் வாசிப்பில் அரங்கேறின. ‘கிரைஸ்லெரியானா’ போன்ற கடினமான பியானோ தொகுதிகளை அவர் அவசரப்பட்டு மேடையேற்றவில்லை. செவிகள் பழகும் வரை காத்திருந்து, முதலில் சில பகுதிகளை மட்டும் வாசித்து, பல ஆண்டுகளுக்குப் பின் முழுமையாகக் கொடுத்தார். பிராம்ஸ் இயற்றிய ஹாண்டல் மாறுபாடுகளை 1861 டிசம்பரில் ஹாம்பர்கில் பொதுமேடையில் அரங்கேற்றினார்.

இந்த ரசனைக்கு எல்லைகளும் உண்டு. லிஸ்ட் தம் பாகனினிப் பயிற்சிகளைக் கிளாராவுக்கே உரிமையாக்கியவர். ஆயினும் லிஸ்ட்டின் பின்னாளையப் படைப்புகளையும் வாக்னரின் ஓபராக்களையும் கிளாரா வெறுத்தார். லிஸ்ட் ராபர்ட்டுக்கு உரிமையாக்கிய பி மைனர் சொனாட்டா அவருக்கு வெறும் ஓசையாகவே பட்டது. இன்று அது பியானோ இலக்கியத்தின் சிகரங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. எதை வாசிக்க வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தவர், எதை மறுத்தார் என்பதில் சில வேளை தவறினார்.

ஃபிராங்க்ஃபர்ட் வகுப்பறை

1878இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் புதிதாகத் தொடங்கிய ஹோக் இசைக்கல்லூரி கிளாராவைப் பியானோ ஆசிரியராக அழைத்தது. அக்கல்லூரியின் ஆசிரியர்களுள் அந்நிலையில் அமர்ந்த பெண் அவர் ஒருவரே. தன் நிபந்தனைகளைத் தெளிவாக எழுதிக்கொடுத்தார். நாளுக்கு ஒன்றரை மணி நேரமே பாடம், தன் வீட்டிலேயே நடத்தும் உரிமை, ஆண்டில் பல மாதம் விடுப்பு, கச்சேரிப் பயணத்துக்குத் தடையின்மை. கல்லூரி எல்லாவற்றையும் ஏற்றது. 1892 வரை அங்கே கற்பித்தார். மகள்கள் மரியும் ஓய்கெனியும் மாணவர்களை அடிப்படைப் பயிற்சியில் தேற்றித் தாயிடம் அனுப்பினர்.

பாடம் தனித்தனியாக நடந்தாலும் மற்ற மாணவர்கள் அருகிருந்து கேட்க வேண்டும். இசைக்குறிப்பில் உள்ள ஒவ்வொரு குறியும், ஒவ்வொரு நிறுத்தமும் மதிக்கப்பட வேண்டும். விரல் கட்டையோடு ஒட்டியிருந்து, மேலிருந்து அடிக்காமல் அழுத்தி நாதத்தை எடுக்க வேண்டும். மணிக்கட்டும் முழங்கையும் தளர்ந்திருக்க வேண்டும். காலப்பிரமாணம் ஓடக்கூடாது. அவசரமாக வாசிப்பவரை உடனே நிறுத்திவிடுவார். அரை நூற்றாண்டுக்கு முன் வீக் கற்பித்த பாடும் நாதம் இந்த அறையில் அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது.

அங்கே பயின்றவர்களில் ஃபேனி டேவிஸ், லெனார்ட் போர்விக், மெதில்டா வெர்ன், அடெலினா டி லாரா ஆகியோர் இங்கிலாந்தில் பெயர் பெற்றனர். கிளாராவின் வாசிப்பு ஒலிப்பதிவில் இல்லை. ஆனால் ஃபேனி டேவிஸ் 1928இல் ஷூமனின் கான்செர்ட்டோவை இசைத்தட்டில் பதிவு செய்தார். டி லாரா முதுமையில், 1950களில், வாசித்த பதிவுகளும் உள்ளன. குருவின் பாடாந்தரம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இவையே நெருங்கிய சான்றுகள். மற்றொரு மாணவர் கார்ல் ஃபிரீட்பெர்க் நியூயார்க்கின் ஜூலியர்ட் பள்ளியில் ஆசிரியரானார். பிற்காலத்தில் ஜாஸ் பாடகியாகப் புகழ்பெற்ற நீனா சிமோன் 1950இல் அவரிடம் பியானோ பயின்றார்.

பதிப்பும் இறுதிக் காலமும்

1881 முதல் 1893 வரை ராபர்ட் ஷூமனின் படைப்புகள் முழுத்தொகுப்பாக லைப்சிக்கின் பிரைட்கோஃப் உண்ட் ஹெர்டெல் நிறுவனத்தில் வெளிவந்தன. பதிப்பாசிரியராகக் கிளாராவின் பெயர் இருந்தது. பிராம்ஸ் பெரிதும் உதவினார். 1887இல் மாணவர்களுக்கான விரலமைப்புக் குறிப்புகளுடன் ஷூமனின் பியானோ படைப்புகளைத் தனிப் பதிப்பாகவும் கொண்டுவந்தார். பதிப்பாசிரியராக அவர் எடுத்த சில முடிவுகள் வருந்தத்தக்கவை. நோயின் நிழல் படிந்தவை என்று கருதிய கடைசிக்காலப் படைப்புகளை ஒதுக்கினார். செல்லோ ரொமான்ஸ்களை எரித்துவிட்டார். வயலின் கான்செர்ட்டோவை வெளியிடாமல் வைத்தார், அது 1937இல்தான் அரங்கேறியது.

1878 அக்டோபரில் முதல் மேடையேற்றத்தின் 50ஆம் ஆண்டை கெவாண்ட்ஹவுஸ் கொண்டாடியது. அன்று வாசிக்கப்பட்டவை அனைத்தும் ராபர்ட் ஷூமனின் படைப்புகள். பின்னர் காது மந்தமாகத் தொடங்கியது. 1891 மார்ச் 12 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் சக ஆசிரியர் ஜேம்ஸ் க்வாஸ்ட்டுடன் இரண்டு பியானோவில் பிராம்ஸின் ஹைடன் மாறுபாடுகளை வாசித்ததே கடைசிப் பொதுக் கச்சேரி. 1896 மார்ச்சில் பக்கவாதம் தாக்கியது. மே 20 அன்று காலமானார். பான் நகரின் பழைய கல்லறையில் ராபர்ட்டின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ரயில் மாறிப்போனதால் நெடுந்தூரம் அலைந்து பிராம்ஸ் அடக்கத்துக்கு வந்துசேர்ந்தார். அடுத்த ஆண்டே அவரும் இறந்தார்.

இறந்தபின் நெடுங்காலம் கிளாரா, ராபர்ட்டின் மனைவி என்றும் பிராம்ஸின் தோழி என்றுமே நினைக்கப்பட்டார். அவருடைய படைப்புகள் அச்சில் கிடைக்காமல் போயின. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் டிரியோவும் கான்செர்ட்டோவும் மேடைக்குத் திரும்பின, விரிவான வாழ்க்கை வரலாறுகளும் எழுதப்பட்டன. 1990 முதல் யூரோ வரும் வரை ஜெர்மனியின் 100 மார்க் தாளில் அவர் படமும் பின்புறம் ஒரு பியானோவும் இருந்தன. ஒரு கருவி, ஒரு கலைஞர், மனனமாக வாசித்தல், பாக் தொடங்கிச் சமகாலம் வரை சீராக வரிசைப்படுத்திய உருப்படிகள் என்று இன்று உலகெங்கும் நடைபெறும் பியானோ கச்சேரியின் வடிவத்தை லிஸ்ட்டோடு சேர்ந்து நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் கிளாரா ஷூமன். லிஸ்ட் அதற்குக் கவர்ச்சியைக் கொடுத்தார், கிளாரா அதற்கு ஒழுக்கத்தைக் கொடுத்தார்.